கரை கிழிக்காத வேட்டி

வெற்றிடமாம். காலையில் எழுந்ததும் போனைப் பார்க்காதே என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது, கேட்டால்தானே, பார்த்தேன், பார்த்ததிலிருந்து அந்த ஒரு சொல் பல்லிடுக்கில் மாட்டிய மாங்காய் நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. ‘கணவரின் மறைவு விட்டுச்சென்ற வெற்றிடத்தைக் கருந்துளைகளாக வடிக்கிறார் ரேணுகாதேவி.’ வடிக்கிறாராம். நான் வடித்தது சோறு ஒன்றைத்தான், குக்கர் வந்தபிறகு அதுவும் இல்லை. கண்காட்சிக் கையேட்டின் முதல் பக்கத்தில் இது வரப்போகிறது, என் முகம் ஒரு பக்கம், இந்த வரி ஒரு பக்கம். மதியத்துக்குள் ஓகே சொல்லுங்க ஆன்ட்டி, அச்சுக்கு அனுப்பணும் என்று கீழே ஒரு கைகூப்பும் பொம்மை வேறு. அனுப்பியவள் மிருதுளா, கேலரியில் என் கண்காட்சியை ஏற்பாடு செய்கிற பெண். நல்ல பெண்தான், அதுதான் பிரச்சினையே, கெட்டவளாக இருந்தால் சுலபமாகத் திட்டிவிடலாம். கூட்டத்தோடு கூட்டமாக, கதவுக்குப் பின்னால், கழிப்பறைக்குப் போகும் வழியில் என்று என் படங்கள் எங்கெங்கோ தொங்கியிருக்கின்றன. தனியாக, ஒரு முழுக் கூடம் எனக்கே எனக்கு என்று கிடைத்திருப்பது இந்த அறுபது வயதில் இப்போதுதான். அதை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. இந்தச் சொல்லை விழுங்கும் வயிறும் இல்லை. தொட்டியில் காகிதம் ஊறிக்கொண்டிருக்கிறது, கரண்ட் அடுப்பில் மை இளகிக்கொண்டிருக்கிறது, சாயங்காலம் பிரேம் போடுகிறவர் வந்து கடைசிப் படத்தை வாங்கிக்கொண்டு போகவேண்டும், அந்தக் கடைசிப் படம் இன்னும் தகட்டிலேயே இருக்கிறது, நான் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கார் ஷெட்டில் நின்றுகொண்டிருக்கிறேன்.

கார் ஷெட் என்பது பெயருக்குத்தான், இந்த வீட்டில் கார் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வாங்குவோம் வாங்குவோம் என்று கட்டிவைத்த இடத்தில் நான் படம் அச்சடிக்கிற பிரஸ்ஸைக் கொண்டுவந்து இறக்கினேன். இரண்டு உருளை, நடுவில் ஒரு பலகை, பக்கத்தில் கப்பல் சக்கரம் மாதிரி ஒரு சக்கரம். அதைக் கொரட்டூரில் இந்தத் தெருவுக்குள் திருப்பிக் கொண்டுவருவதற்குள் டெம்போக்காரர் என் குலத்தையே ஏசிவிட்டார். வெற்றிடம் என்று எழுதுகிறவர்கள் ஒரே ஒரு நாள் வந்து இந்தச் செப்புத் தகட்டை உழுது பார்க்கவேண்டும். பிறைபோல வளைந்து விளிம்பெல்லாம் நுண்ணிய பல் வைத்த இரும்பை இரண்டு கையாலும் பிடித்து, இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டி, குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை, மூலைக்கு மூலை ஒருமுறை என்று வாரக்கணக்கில் உழுதால்தான் தகடு முழுக்க மை பிடிக்கிற சொரசொரப்பு எழும்பும். மணிக்கட்டு போய்விடும். எழும்பியபிறகு அந்தத் தகட்டை அப்படியே அச்சடித்தால் ஒரே கருப்பு, வெல்வெட் மாதிரி, விரல் வைத்தால் உள்ளே போய்விடும் போலக் கருப்பு. அதற்கப்புறம்தான் படமே தொடங்குகிறது. எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே மட்டும் அந்தச் சொரசொரப்பை மழுக்கி மழுக்கி வழவழப்பாக்கவேண்டும். அதாவது இந்த வேலையில் வெளிச்சம் என்பதுதான் நான் எடுத்துப்போட்டது. கருப்பு இருக்கிற இடத்தில்தான் நான் செய்தது எல்லாம் அப்படியே இருக்கிறது, இருக்கிற மையெல்லாம் அங்கேதான் இருக்கிறது. என் படத்தில் காலியாக ஏதாவது உண்டென்றால் அது கருந்துளையைச் சுற்றி நிற்கிற அந்த வெள்ளை வளையம்தான். இதைச் சொன்னால் மிருதுளா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாவ் ஆன்ட்டி, என்பாள். என்றுவிட்டு வெற்றிடம் என்று எழுதுவாள்.

ஆன்ட்டி என்பது கூட இடையில் வந்ததுதான். முதலில் மேம் என்றுதான் கூப்பிட்டாள். அவர் போன செய்தி தெரிந்து வீட்டுக்கு வந்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள், திரும்பிப் போகும்போது ஆன்ட்டி ஆக்கிவிட்டுப் போனாள். அன்றைக்கு முன்வரை என் படங்கள் அவளுக்குக் ‘கொஞ்சம் டார்க்’ ஆக இருந்தன, அன்றைக்குப் பின் ‘ரொம்ப ஆழமாக’ ஆகிவிட்டன. படம் அதேதான், சுவரில் அதே ஆணியில்தான் தொங்கியது. மேல் வீட்டுக் குடித்தனக்காரி ஜெயசுதாவும் அப்படித்தான். குலசேகரன் சார் இருந்தவரைக்கும், அக்கா இதென்ன தார் ரோடா, என்று சிரித்தவள், இப்போது ஷெட்டைக் கடக்கும்போது செருப்புச் சத்தம் கேட்காமல் நடக்கிறாள், கோயிலைக் கடக்கிற மாதிரி. நாத்தனார் இன்னொரு தினுசு. கருப்பு வேண்டாம் ரேணுகா, வீட்டுக்கு ஆகாது, ஓரத்துல கொஞ்சம் மஞ்சளாவது வை என்கிறார், கோலத்துக்குக் காவி பூசுகிற மாதிரி. இவர்களில் ஒருவருக்காவது, இதை ஏன் செய்கிறாய் என்று என்னிடம் கேட்கத் தோன்றவில்லை. பதில் அவர்களிடமே இருக்கிறதே. புருஷன் போனான், பெண்டாட்டி கருப்பு பூசினாள், கூட்டிக் கழித்தால் சரியாக வந்துவிடுகிறது. இதோ, மேலே மறுபடியும் தொட்டி வழிகிறது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவதில் ஜெயசுதாவை மிஞ்ச ஆள் கிடையாது. தண்ணீர் சன்ஷேடில் விழுந்து, அங்கிருந்து முருங்கையில் விழுந்து, அங்கிருந்து என் ஷெட்டின் தகரத்தில் தாளம் போடுகிறது. ஜெயசுதா, மோட்டார்! என்று கத்தினேன். தோ, நிறுத்தறேங்க்கா, என்று மேலிருந்து குரல் வந்தது. குரல்தான் வந்தது.

அவர் உயிரோடு இருக்கும்போதுதான் நான் இதைத் தொடங்கினேன். யாரிடம் சொல்லி என்ன, சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கருந்துளையின் படம் முதன்முதலாகப் பேப்பரில் வந்த அன்று, ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளையம், நடுவில் இருட்டு, எதிரே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை என் பக்கம் திருப்பி, “ரேணு, இங்க பாரேன், வானத்துல மெதுவடை” என்றார். மின்வாரியத்தில் சர்க்யூட் பார்த்துப் பார்த்து ஓய்வு பெற்ற மனுஷர், உலகம் முழுக்க விஞ்ஞானிகள் சேர்ந்து எடுத்த படத்துக்கு அவ்வளவுதான் மரியாதை. நான் அதை வாங்கிப் பார்த்தேன், அப்புறம் அடுப்பில் பால் பொங்கி வழியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த ஆரஞ்சு எனக்குத் தேவைப்படவில்லை. நடுவில் இருக்கிற அதை, எதையும் திருப்பித் தராத அதை, மையால் செய்யமுடியுமா என்றுதான் இருந்தது. முதலில் கான்வாஸில் செய்து பார்த்தேன், விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, பூசி, காயவைத்து, மறுபடியும் பூசி. எவ்வளவு பூசினாலும் ஜன்னல் வெளிச்சம் பட்டு மேலே பளபளத்தது. பளபளத்தால் அது சுவர், உள்ளே போகமுடியாது. அதற்காகத்தான் இந்தத் தகட்டு வேலைக்கே வந்தேன். வளையத்தை நான் வளையமாக வரைவதும் இல்லை, எங்கோ ஒரு ஓரத்தில் வெளிச்சம் வளைகிறது, நழுவுகிறது, அறுந்துபோகிறது, அவ்வளவுதான். ஆனால் அவருக்கு எல்லாமே வடைதான். சாயங்காலம் ஷெட் வாசலில் வந்து நின்று, பனியனுக்குள் கையை விட்டுச் சொறிந்துகொண்டு, “இன்னிக்கு எத்தனை வடை?” என்பார். “தீஞ்சுபோச்சா?” என்பார். நான் பதில் சொல்லமாட்டேன். ஒருநாள் பொறுக்கமுடியாமல், அது ஓட்டை இல்லைங்க, அவ்வளவு எடையும் ஒரே இடத்துல அமுங்கிப்போய்க் கிடக்குது, வெளிச்சம்கூட வெளியே வரமுடியாம, என்று ஆரம்பித்தேன். நின்று கேட்டார். எப்போதாவது கேட்பார். “அப்ப பேர் வெச்சவன் தப்பா வெச்சிட்டான். இது துளை இல்ல. மூட்டை” என்றார். சொல்லிவிட்டு, கரண்ட் பில் கட்டிட்டியா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

இப்படிச் சொல்வதால் ஏதோ பெரிய ரசிகர் என்று ஆகிவிடக்கூடாது. அந்த மனுஷரிடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாப்பாட்டில் முடி பார்ப்பது அவருக்கு ஒரு உத்தியோகம். முழு வழுக்கை, காதுக்கு மேலே கூட ஒன்றும் இல்லை, அந்தத் தைரியத்தில் சாம்பாரிலிருந்து ஒரு முடியை எடுத்தால் சும்மா ஓரத்தில் போடமாட்டார். இரண்டு விரலால் தூக்கி, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, பழுதான வயரைச் சோதிக்கிற மாதிரி கீழிருந்து மேலே பார்த்து, “யாரோடதா இருக்கும் ரேணு?” என்று கேட்பார். வீட்டில் இருந்ததே இரண்டு பேர். கடை மாவுல இருந்திருக்கும் என்பேன், காத்துல வந்திருக்கும் என்பேன், ஜெயசுதா மாடியில தலை சீவியிருப்பா என்பேன், என்னுடையது என்று மட்டும் ஒரு தடவையும் சொன்னதில்லை. நானும் விட்டுக்கொடுக்கமாட்டேன், அவரும் கேட்பதை விடமாட்டார். இதையெல்லாம் கையேட்டில் போடுவாளா மிருதுளா? போடமாட்டாள். செத்துப்போனவர்களுக்கு மெல்லிய புன்னகை ஒன்றைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது.

சரி, வேலை. தகட்டை அடுப்பில் வைத்து வெதுவெதுப்பாக்கி, மையை அப்பினேன். கருப்பு மை, தேன் பதத்தில். தகட்டில் ஒரு புள்ளி விடாமல் அப்பவேண்டும், அப்பியபிறகு துடைக்கவேண்டும். படம் நன்றாக வருவதும் வீணாய்ப் போவதும் இந்தத் துடைப்பில்தான். அதிகம் துடைத்தால் கருப்பு வெளுக்கும், குறைத்தால் வளையம் மங்கும். கடையில் இதற்கென்றே துணி விற்கிறார்கள். எனக்கு அது சரிப்படவில்லை, துவைத்துத் துவைத்து நைந்த வேட்டித் துணிதான் சரி. அதனால் குலசேகரனின் வேட்டிகள் கொஞ்சம் நைந்ததுமே ஷெட்டுக்கு வந்துவிடும். “கட்டியிருக்கும்போதே உருவிடுவ போலிருக்கே” என்பார். ஆனால் கரை கிழிக்கிற வேலையை என்னிடம் விடமாட்டார். கரை முரடு, தகட்டில் கீறல் போடும், அதை எடுத்துவிட்டுத்தான் துணியைத் தொடவேண்டும் என்று நான் ஒருமுறை சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். கத்திரியால் ஓரத்தில் ஒரு வெட்டு, அப்புறம் இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு, சர்ர்ரென்று ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டே கிழிப்பார். கிழித்த கரையை முருங்கைக் கிளைக்கு முட்டுக்கொடுத்துக் கட்டுவார், பழைய பேப்பரைக் கட்டுவார். இப்போது தினப்படி வேட்டியெல்லாம் தீர்ந்துபோய், மிஞ்சியிருந்த விசேஷ வேட்டியைப் போன வாரம்தான் வெட்டிவைத்தேன். அகலமான ஜரிகைக் கரை, கல்யாணத்தில் கட்டியது, அசல் ஜரிகை. அதை வெட்டுகிறேன் என்று தெரிந்தால் நாத்தனார் ஒரு மூச்சு அழுவார், மிருதுளா அதற்கும் ஒரு பத்தி எழுதிவிடுவாள், அதனால் ஒருவரிடமும் சொல்லவில்லை. நைந்த வேட்டி நன்றாகத் துடைக்கும். அதில் வேறு எந்த அர்த்தமும் கிடையாது.

பாதி துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. விரலெல்லாம் மை, முழங்கையால் அமுக்கி ஸ்பீக்கரில் போட்டேன். “ஆன்ட்டி, பாத்தீங்களா?” பாத்தேன் என்றேன். “எப்படி இருக்கு?” “தப்பா இருக்கு.” “எது ஆன்ட்டி, தேதியா?” “அந்த வெற்றிடம்.” சின்னக் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில், “புரியுது ஆன்ட்டி, அந்த வார்த்தையைப் படிக்கவே உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்” என்றாள். கஷ்டமா இல்லைம்மா, தப்பா இருக்கு, நான் இதை ஆரம்பிச்சப்ப அவரு எதிர்லதான் உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டிருந்தாரு என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “ஐயோ ஆன்ட்டி, அப்படின்னா இது ஒரு முன்னுணர்வு மாதிரி இல்ல? அதையும் சேர்த்துப் போட்டுக்கட்டுமா?” போடாதே என்றேன். அந்தப் பத்தியே வேண்டாம் என்றேன். அவள் குரல் தாழ்ந்தது. “ஆன்ட்டி, ஓப்பனா சொல்லிடறேன், ஸ்பான்சர்ஸ் ஒத்துக்கிட்டதே இந்த ஸ்டோரிக்காகத்தான். வெறும் கருப்புன்னா யாரு வந்து நிப்பாங்க? இந்தப் பாரா இல்லன்னா அந்த ஹாலை வேற ஆர்ட்டிஸ்ட்டுக்குக் குடுத்துடுவாங்க. கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க, நான் மறுபடி கூப்பிடறேன்.” வைத்துவிட்டாள். முன்னுணர்வாம்! அவர் சாவதற்கு முன்பே நான் துக்கத்தை முன்பதிவு செய்து வைத்திருந்தேனாம். கையிலிருந்த துணி மையில் ஊறிப்போயிருந்தது, அதை வீசிவிட்டுக் கூடையிலிருந்து வேறொன்றை இழுத்து, வேகவேகமாகத் துடைத்தேன், வாய்க்குள்ளேயே அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு. வெறும் கருப்பா, வெறும் கருப்பா, வா, வந்து உழு, உன் மணிக்கட்டை நான் பார்க்கிறேன். கிரீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம், தகரத்தில் விழுந்துகொண்டிருந்த தண்ணீருக்கு நடுவிலும் அது தெளிவாகக் கேட்டது.

துணியைத் திருப்பினேன். மைக்குள்ளிருந்து ஜரிகை எட்டிப்பார்த்தது. கரை அப்படியே இருந்தது, அதன் முனை பிரிந்து ஒரு கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. துண்டு துண்டாக வெட்டும்போது இந்த ஒன்றில் கரையைக் கிழிக்காமல் விட்டிருக்கிறேன். எனக்குக் கரை கிழித்துப் பழக்கமே இல்லை, எனக்கு என்றைக்கும் துணி கிழித்துத்தான் கைக்கு வந்தது. என்னங்க! என்று கத்தினேன். சத்தமாகவே கத்திவிட்டேன், கரை கிழிக்காமல் துணியைக் கூடையில் போட்டது அவர் என்கிற மாதிரி. பிறகு அந்த முட்டாள்தனத்துக்கும் சேர்த்து எரிச்சல் வந்தது. கீறல் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, தகடு பூராவும் மை. கருப்பில் விழுந்திருந்தால் பிழைத்தேன், இருட்டில் இன்னொரு இருட்டு, கண்ணுக்கே தெரியாது. வளையத்தில் விழுந்திருந்தால் போச்சு, வழவழப்பான இடத்தில் ஒரு கீறல் என்றால் அதில் மை போய் உட்கார்ந்துகொள்ளும். அதை மழுக்கி எடுக்க இன்னொரு வாரம், அதற்குள் பிரேம்காரர், அச்சு, கூடம், எல்லாம் போய்விடும். உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பார்த்தேன், மைக்கு அடியில் ஒன்றும் பிடிபடவில்லை. பார்க்காமல் தெரியாது, அடிக்காமல் பார்க்க முடியாது. தகட்டைப் பலகையில் வைத்தேன், தொட்டியிலிருந்து காகிதத்தை எடுத்து ஈரம் ஒற்றி மேலே விரித்தேன், கம்பளியைப் போர்த்தினேன், சக்கரத்தைப் பிடித்தேன்.

சக்கரம் கனம். இதைச் சுற்றும்போது அவர் வந்து மறுபக்கம் ஒரு கை கொடுப்பார், கொடுத்துக்கொண்டே, எண்ணெய் போடுன்னு சொன்னேனே போட்டியா என்பார். போடவில்லை. எண்ணெய் டப்பா எங்கே என்று எனக்குத் தெரியும், அவர் வைத்த இடத்திலேயே இருக்கிறது, ஃபியூஸ் போன பல்புகளுக்குப் பின்னால். எரியாத பல்பை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்றால், ஹோல்டர் செக் பண்ண உதவும் என்பார். அந்தப் பல்புகள் இருக்கின்றன. டெஸ்டர், அறுந்த ஒயர்கள், ஸ்கூட்டரை விற்றபிறகும் விற்காத ஸ்கூட்டர் ட்யூப், பாதி தின்ற பி.பி. மாத்திரை அட்டை, குளியலறையில் அவர் உயரத்துக்கு அடித்த, எனக்கு எட்டாத கொக்கி, சோபாவில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்த பள்ளம், அதில் நான் மறந்துபோய் உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது. எங்கே இருக்கிறது வெற்றிடம், எனக்குக் கொஞ்சம் காட்டட்டும், நான் போய் அங்கே காலை நீட்டிப் படுத்துக்கொள்கிறேன். இந்த வீட்டில் எதன்மேலும் இடித்துக்கொள்ளாமல் பத்தடி நடக்க முடியவில்லை. இருந்தபோது மனுஷர் ஒரு இடத்தில்தான் இருந்தார், வராந்தாவில் இருந்தால் அடுப்படியில் இல்லை. இப்போது எங்கே பார்த்தாலும் அவர்தான், அதுவும் பொல்லாத கனம். மூட்டை என்று அவரே சொல்லிவிட்டுப் போனார், கரண்ட் பில்லைக் கேட்டுக்கொண்டே. பலகை உருளைக்கு அடியில் போய் மறுபக்கம் வந்து நின்றது. மேலே ஒருவழியாக மோட்டார் நின்றுவிட்டது. கம்பளியை மடித்தேன். காகிதத்தின் இரண்டு முனையையும் பிடித்து, மெதுவாக, மெதுவாகத் தூக்கினேன்.

கருப்பு வந்திருந்தது. நான் நினைத்த கருப்பு, பளபளக்காத, உள்ளே இழுக்கிற கருப்பு, இத்தனை வருஷத்தில் இவ்வளவு நன்றாக ஒருமுறையும் வந்ததில்லை. அதன் ஓரத்தில் வளையம், வளைந்து நழுவுகிற அந்த வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குக் குறுக்கே, ஒரு பக்கம் உள்ளேயும் ஒரு பக்கம் வெளியேயும் சுருண்டு, மெல்லிசாக, நீளமாக, ஒரே ஒரு கோடு. போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். வாரக்கணக்கில் உழுதது போச்சு, கூடம் போச்சு. வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று படத்தை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். கீழிருந்து மேலே பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று, ஷெட் வாசலில் பனியனுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றிருந்தால் அந்த மனுஷர் என்ன சொல்லியிருப்பார் என்று. நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, அது தானாகவே அவர் குரலில் வந்து நின்றது. ரேணு, வடையில முடி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக நின்றுகொண்டு, படத்தைத் தலைக்குமேல் பிடித்தபடி, வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. கையெல்லாம் மை, கண்ணைத் துடைக்கவும் வழியில்லை, ஈரம் படத்தில் சொட்டிவிடப்போகிறதே என்று அதைக் கொண்டுபோய்ப் பலகையில் வைத்துவிட்டு வந்து அழுதேன். அழும்போதும் கோபம் விடவில்லை. இப்போது மிருதுளா வந்து பார்த்தால் அவள் எழுதியதுதான் சரி என்று ஆகிவிடும். சரி இல்லை. இது வெற்றிடம் இல்லை. வாசலில் நின்று கேலி செய்ய ஆள் இல்லை, அவ்வளவுதான், அதற்குத்தான் இந்த அழுகை. அதை எந்தக் கையேட்டில் எந்தப் பத்தியில் போடுவாள்?

கையைக் கழுவிக்கொண்டு போனில் படத்தைப் பிடித்து அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை. உடனே கூப்பிட்டாள், மூச்சு வாங்கியது அவளுக்கு. “ஆன்ட்டி! என்ன ஆன்ட்டி இது, இதுதான் பெஸ்ட்! அந்தக் கோடு… எனக்குச் சிலிர்த்துப்போச்சு ஆன்ட்டி. ஒரு காயம் மாதிரி…” காயம் இல்லைம்மா என்றேன். முதலில் பத்தியை எடு, கணவர், மறைவு, வெற்றிடம் மூன்றும் போகணும், என் பேரும் என்ன மை, என்ன தகடு என்பதும் இருந்தால் போதும், ஹாலை வேற யாருக்காவது குடுக்கறதுன்னா குடுத்துக்கட்டும், படத்தை நான் ஷெட்டிலேயே மாட்டிக்கிறேன் என்றேன். அந்தக் கூடம் எனக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும், ஆனாலும் சொல்லிவிட்டேன். படத்துக்குத் தலைப்பு மட்டும் எழுதிக்கோ என்றேன். “சொல்லுங்க ஆன்ட்டி.” “வடையில் முடி.” போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன், இல்லை, இருந்தாள். ஸ்பான்சர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறாளோ என்னவோ, யோசிக்கட்டும். பிறகு, இதுவரை நான் கேட்டே இராத ஒரு குரலில், நிஜமாகவே தெரிந்துகொள்ளவேண்டும் என்கிற மாதிரி, மிருதுளா கேட்டாள்:

“யாரோட முடி ஆன்ட்டி?”

நான் வாசலைப் பார்த்தேன். முருங்கையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“என்னோடதுதாம்மா” என்றேன். “அவருக்கு ஏது முடி?”